ஹில்லி அம்மாவின் அறையில் பில்யானா

தலையணையின் நடுவில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் இருந்தது. வெள்ளையாக, வட்டமாக, மேலே காகிதம்கூட இல்லாமல்.

பில்யானா கதவைத் திறந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. காலையில் வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று போர்வையைச் சுருட்டிப் போட்டுவிட்டு ஓடியவள் அவள். இப்போது படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. போர்வையின் நான்கு ஓரமும் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகியிருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு பூட்டித்தான் இருந்தது. இப்போதுதான் அவளே சாவி போட்டுத் திறந்தாள்.

இது முதல் தடவையும் இல்லை. பத்து நாளுக்கு முன் அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்த் துவையல் பாட்டில் ஜன்னல் திட்டிலிருந்து அலமாரிக்குள் போயிருந்தது. நாம்தான் மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்புறம் ஈரத்துண்டு மடித்துக் காயப்போட்டிருந்தது. அப்புறம் பிஸ்கட் டப்பாவில் இரண்டு குறைந்திருந்தது. அதற்கெல்லாம் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. மிட்டாய்க்கு என்ன சொல்வது?

மாசிடோனியாவின் தெற்குக் கோடியில் பிட்டோலா அவள் ஊர். அங்கே அப்பா, அம்மா, தம்பி, அத்தை, இவள் என்று ஐந்து பேருக்கு இரண்டு அறை. தனியாக ஓர் அறையில் படுத்துத் தூங்கியதே கிடையாது. நகரமைப்புப் படிப்பின் மூன்றாம் வருடத்தில் அரை வருடம் எங்கள் டச்சு ஊரான டெவென்டரில் படிக்கலாம் என்று பரிமாற்றத்தில் இடம் கிடைத்தபோது, அவள் முதலில் சந்தோஷப்பட்டது படிப்புக்காக அல்ல, தனக்கென்று ஒரு கதவு கிடைக்கும் என்பதற்காக.

வந்து பார்த்தால் ஊரில் அறையே இல்லை. மாணவர் வீடுகளில் "டச்சு பேசுறவங்க மட்டும்" என்றார்கள். மூன்று வாரம் யார் யார் வீட்டு சோபாவிலோ படுத்தாள். கடைசியில்தான் ஆற்றங்கரையில் அந்த மூடிக்கிடந்த முதியோர் இல்லம் அகப்பட்டது. அங்கே இருந்தவர்களை வசந்தகாலத்தில் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழையதை இடிக்கும் வரை யாரும் பூட்டை உடைத்துக் குடியேறிவிடக்கூடாது என்று, காலிக் கட்டடங்களைக் கவனிக்கும் ஒரு கம்பெனி, தாழ்வாரத்துக்கு ஒரு மாணவர் என்று ஆள் வைத்திருந்தது. வாடகை குறைவு, விதிகள் அதிகம். மெழுகுவத்தி கூடாது, நாய் கூடாது, விருந்து கூடாது. எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்வார்கள்.

இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் அவள் ஒருத்திதான். இரண்டு பக்கமும் சுவரில் கைப்பிடிக் கட்டை. நடந்தால் முன்னால் விளக்கு எரியும், பின்னால் அணையும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. சைக்கிளை நிறுத்திவிட்டு, பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தன் அறைக்கு வந்து சேர்வதற்குள் அவள் இரண்டு தடவையாவது திரும்பிப் பார்த்துவிடுவாள்.

யாரிடம் சொல்வது? வகுப்பில் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரு காபி குடிக்கக் கூப்பிட்டால்கூட நாட்குறிப்பைப் புரட்டி, "அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை, மூணரைக்கு?" என்பார்கள். பயத்தை அதுவரை தள்ளிப்போட முடியுமா?

கீழ்த்தளத்தில் ரூலோஃப் இருந்தான். இல்லத்தின் பழைய முடிதிருத்தும் அறையில் சைக்கிள்களைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருக்கும் நெட்டையன். மிட்டாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவனிடம் போனாள்.

"இது உன் வேலையா?"

அவன் மிட்டாயை எடுத்து மோந்து பார்த்தான். "நான் ஏன் உனக்கு மிட்டாய் வைக்கப் போறேன்? லவ்வுன்னா நேராவே சொல்லமாட்டேனா?"

"விளையாடாதே. யாரோ என் ரூமுக்குள்ள வர்றாங்க. படுக்கையெல்லாம் போட்டு வச்சிருக்காங்க."

"படுக்கை போட்டுத் தர்ற பேயா! அதை என் ரூமுக்கும் கொஞ்சம் அனுப்பி வையேன்." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஏய், நிஜமாவே நான் இல்ல பில்யா. டென் பிரிங்க கிட்ட சொல்லு."

டென் பிரிங்க என்பவர் கம்பெனி ஆள். மாதம் ஒருமுறை வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுப் போவார். அந்த வாரமே வந்தார். ஷூவைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்து மூடி, புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

பில்யானா வாயைத் திறந்தாள்.

"போன மாசம் ஒரு பையன் எலி இருக்கு, சத்தம் கேக்குதுன்னு புலம்பினான்" என்றார் அவர், எழுதிக்கொண்டே. "பிடிக்கலைன்னா போப்பா, உன் இடத்துக்கு வர ஆள் வரிசையில நிக்குதுன்னேன். ம், சொல்லு, என்ன?"

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் சரி."

அன்று அம்மா போனில், "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். "ஜலதோஷம்மா. இங்க ஒரே மழை." உள்ளேயிருந்து கதவுக் கைப்பிடிக்கு அடியில் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் பேசும்போது, இந்த நேரம் அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசனை ஓடும். மத்தியான ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பாதி அப்படியே திரும்பி வரும். ஆணாக இருக்குமோ, பெண்ணாக இருக்குமோ? படுக்கையைத் தொட்டவன் இன்னும் எதையெல்லாம் தொட்டிருப்பான்? எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. சைக்கிள் பம்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பத்து மணி தாண்டியிருக்கும். தாழ்வாரத்தின் கோடியில் பக்கவாட்டுக் கதவு திறந்து மூடியது. ஒரு காலடி, ஒரு தட்டல். ஒரு காலடி, ஒரு தட்டல். ரூலோஃபுக்குப் போன் செய்ய நினைத்தாள். அவசரத்தில் விரல் வேறு எதையோ அழுத்தியது. காலடி அவள் கதவுக்கு முன்னால் நின்றது. பூட்டுக்குள் சாவி நுழைந்து திரும்பியது.

உள்ளே வந்தது ஒரு வயதான அம்மாள். இளநீல மழைக்கோட்டு, தலையில் பிளாஸ்டிக் முக்காடு, ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் கைப்பை. கதவைச் சாத்தி, சாவியைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார். கட்டிலில் பம்பைத் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தி.

அவர் போட்ட கூச்சலில் பில்யானாவும் கத்திவிட்டாள்.

"திருடி! திருடி! என் ரூம்ல என்னடி பண்ற?"

"இல்ல... இது என்..." இரண்டு மாதம் மாலை வகுப்பில் கற்ற டச்சு முழுவதும் அவளைக் கைவிட்டுவிட்டது.

"என் கட்டில்ல உக்காந்திருக்கா பாரு! கையில கம்பி வேற!" கிழவியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குள் போனார். அங்கே கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. இழுத்தால் கீழே நர்சுகளுக்கு மணி அடிக்கும். பழைய நாளில். அவர் அதை இழுத்துவிட்டு, மேலே இருந்த சின்ன ஒலிபெருக்கியைப் பார்த்தபடி காத்திருந்தார். மறுபடி இழுத்தார். மறுபடி. கயிறு ஆடியது, அவ்வளவுதான்.

போலீஸ் வரும், தன்னை நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பில்யானாவுக்கு முதலில் ஓடியது. அப்புறம்தான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. வாய் கோணிக்கொண்டு, "சிஸ்டர்... சிஸ்டர்..." என்று மட்டும் வந்தது. கூப்பிட்டால் வருகிறவர்கள் யாரும் வரவில்லை. உதவிக்கு ஆள் இல்லாத அந்தத் திகில் பில்யானாவுக்குத் தெரிந்த சமாசாரம். அவள் அதிலேயே மூன்று வாரமாகக் குடியிருந்தாள்.

பம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நழுவி வெளியே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றாள். கீழே ஓடி ரூலோஃபைக் கூட்டி வரலாம். ஓடவில்லை. அவிழ்ந்திருந்த முடியை இறுக்கிக் கட்டினாள். சட்டைக் கையை மேலே மடித்தாள். கதவைத் தட்டினாள்.

"கூப்பிட்டீங்களாம்மா?"

கிழவியம்மாள் குளியலறை நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "எவ்வளவு நேரமா இழுக்கறேன்! எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?"

"மன்னிச்சுக்குங்கம்மா. இன்னிக்கு ஆள் கம்மி."

"என்னிக்குத்தான் ஆள் இருந்திருக்கு! இங்க ஒருத்தி இருந்தா. கறுத்த முடி. என்னை அடிக்க வந்தா."

"நான் பாத்தேன். வெளிய அனுப்பிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. இனிமே வரமாட்டா."

அந்த அம்மாளின் தோள் மெல்லத் தாழ்ந்தது. பில்யானா கைத்தாங்கலாக அழைத்து வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

"நீ புதுசா? பேச்சு ஒரு தினுசா இருக்கே. தெற்கே லிம்பர்க் பக்கமா?"

"ஆமாம்மா. தெற்குதான். இன்னும் கொஞ்சம் தெற்கு."

"அதான் பார்த்தேன். என் பேரு ஹில்லி ரெயின்டர்ஸ். ஒன்பது வருஷமா இந்த ரூம்தான். கொஞ்ச நாளா இங்க வேலை ஒண்ணும் சரியில்ல. படுக்கைகூட நானே போட வேண்டியிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "மிட்டாய் வச்சிருந்தேனே, சிஸ்டருங்களுக்குன்னு. எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்மா."

"சொல்லணும்ல. அவ தின்னுட்டாளோன்னு நினைச்சேன்."

அவர் கைப்பையில் ஓர் அட்டை இருந்தது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்துப் புது இல்லத்தின் விலாசம். மழை விட்டதும், "கொஞ்சம் நடந்துட்டு வரலாமாம்மா?" என்று கிளப்பினாள். கீழே சைக்கிள் சங்கிலியோடு நின்ற ரூலோஃப் வாயைப் பிளந்தான்.

"இவங்கதான் பேயா?"

"சும்மா இரு. கூட வா."

அந்த இருபது நிமிட வழி பில்யானாவுக்கு முடியவே இல்லை. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் உரசிப் பாய்ந்தன. இத்தனை நாளும் இந்த அம்மாள் தன்னந்தனியாக இந்தச் சாலையைத்தான் கடந்து வந்தாரா? ஈரக் கல்லில் கோல் வழுக்கும்போதெல்லாம் அவள் சட்டென்று நின்றுவிட்டாள். ஹில்லி அம்மாவோ அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பின்னாடி வர்றாளா பாரு."

பில்யானா திரும்பிப் பார்த்தாள். "இல்லம்மா."

கொஞ்ச தூரம் போனதும், "இப்ப?"

"இல்லம்மா. யாருமில்ல."

புது இல்லத்தில் மார்லீஸ் என்ற நர்ஸ் இவர்களைப் பார்த்து வெளிறிப்போனாள். காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஹில்லி அம்மா தோட்டத்தில் இருப்பதாக நினைத்திருந்தார்களாம். பில்யானா அவளை ஒதுக்கமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதை நான் மேல சொல்லியாகணும்" என்றாள் மார்லீஸ். "அப்புறம் பூட்டு போட்ட பிரிவுக்கு மாத்திடுவாங்க."

"சொல்லாம இருக்க முடியாதா?"

"நாளைக்கு ரோட்டுல விழுந்தா?"

மார்லீஸ் மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"உங்க ரூம் கம்பெனிக்கும் தெரியப்படுத்துவாங்க. உங்க பேரு என்னன்னு சொல்லணும்?"

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சோபாக்கள் ஞாபகத்துக்கு வந்தன. "பில்யானா" என்றாள். எழுத்துக் கூட்டியும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து டென் பிரிங்க வந்தார். கூடவே பூட்டு மாற்றுகிற ஆள். பில்யானா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"மூணு வாரம் சார்."

"நான் வந்தப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயம்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். "பழைய பூட்டை மாத்தாம விட்டது எங்க தப்பு" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமல். "பெட்டியைப் பிரிச்சு வை. படிப்பு முடியற வரைக்கும் இரு."

புதுப் பூட்டு போட்ட பிறகும் அவள் தூக்கம் அப்படியொன்றும் சீராகிவிடவில்லை. பத்து மணி ஆனால் காது தாழ்வாரத்துக்குப் போகும்.

ஹில்லி அம்மாவைப் பூட்டிய பிரிவுக்கு மாற்றிவிட்டதாக மார்லீஸ் போனில் சொன்னாள். பில்யானா வியாழக்கிழமைகளில் போய்ப் பார்த்தாள். எண்களை அழுத்தினால்தான் திறக்கும் கதவு. உள்ளே போனதும் பின்னால் அது 'டக்'கென்று மூடிக்கொள்ளும்போது, எண் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தோன்றும். ஹில்லி அம்மா சில நாள் பேசுவார். பல நாள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் திடீரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், வலிக்கும்படி. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பில்யானாவும் கேட்பதை விட்டுவிட்டு, கையை அப்படியே கொடுத்து உட்கார்ந்திருப்பாள்.

ஜனவரிக் கடைசியில் ஊர் திரும்பும் நாளும் வந்தது. பெட்டியை மார்லீஸின் அறையில் வைத்துவிட்டு, ஹில்லி அம்மாவிடம் கையைக் கொடுத்து உட்கார்ந்தாள். போகிறேன் என்று எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னால் அழுவாரோ, புரியாமல் விழிப்பாரோ, எது நடந்தாலும் தாங்காது என்று தோன்றியது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தபோது ஹில்லி அம்மாவே கேட்டார்.

"டியூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"நாளைக்கு யாரு வருவா?"

"வேற ஒருத்தி வருவா."

"நல்லவளா?"

அது யாரென்றே பில்யானாவுக்குத் தெரியாது. "நல்லவம்மா" என்றாள்.

ஹில்லி அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.