வலி தெரியாத உடம்பு

என் கணவர் ராணுவச் சிப்பாய். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான இரண்டாம் வருடம், நீண்ட விடுப்பில் ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். வந்த மறுநாள் காலை, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை வெறுங்கையால் பிடித்து இறக்கி வைத்தார்.

“கை வெந்து போச்சுல்லா, தெரியலையா?” என்றேன்.

“வெந்துட்டா?” என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பனிமலையில் இருந்த அவருடைய பிரிவிலிருந்து சிலரைப் பொறுக்கி வேறொரு முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே தினமும் ஊசி. குண்டு பட்டாலும் விழாமல் சண்டை போடுகிற ஆள் வேண்டுமாம். வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, விடுப்பில் விழுங்க ஒரு டப்பா மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?”

“கேட்டாத்தானட்டி சொல்லுததுக்கு. பேரை வாசிச்சாவ, போனேன்.”

ஆரம்பத்தில் அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இரண்டு ஆள் சுமக்கிற வாழைத்தார்களை ஒருவராகத் தூக்கி லாரியில் ஏற்றினார். தெருவே நின்று பார்த்தது. நானோ அவர் குளித்து வந்ததும் கால், முதுகு என்று காயம் தேடுவேன். ஒருநாள் குதிகாலிலிருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்கினேன். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் வாந்தியும் காய்ச்சலும் வந்தன. “வயிறு வலிக்கா?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாடு சேரவில்லை என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் கொடுத்தேன். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாமல் சரிந்ததும், காரில் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ்.

“இத்தனை நாள் என்னம்மா செஞ்சீங்க? இந்த வலியை ஒரு மனுஷன் எப்படித் தாங்கினான்?” என்றார் டாக்டர்.

எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காலை, “கையைப் பிடிட்டி” என்றார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

பதினாறு முடிவதற்குள் சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். துக்கம் விசாரித்தபின், மிச்ச மாத்திரை இருக்கிறதா என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, எதற்கெடுத்தாலும் பயம். டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“சாட்சின்னு இருந்தது அது ஒண்ணுதான், அதையும் தூக்கிக் கொடுத்துட்டியே” என்றான் என் அண்ணன்.

அவன் சொன்னது சரிதான். பிறகு நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில் வந்தது: அப்படியொரு சிகிச்சை யாருக்கும் அளிக்கப்படவில்லை.

அவரோடு முகாமுக்குப் போன மற்றவர்கள் எந்தெந்த ஊர் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்திருந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு கார்டு போட்டிருப்பேன், வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று.