முன் இருக்கையில் மணல் சாக்கு

பழைய கயாக் படகில் ஓர் இருக்கை, புதியதில் இரண்டு. கேட்பவர்களிடம் பெடல், சுக்கான், சாய்வு நாற்காலி என்று மற்ற வித்தியாசங்களையெல்லாம் அலுக்காமல் சொல்வேன். இதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால், கட்டின புருஷனையே பாரமாக நினைக்கிறாள் என்பார்கள். நினைக்கிறேன்தான், சனிக்கிழமை காலையில் மட்டும்.

அவர் வளைகுடாவில் குழாய் வேலையில் இருந்த காலத்தில், பூவாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் கழித்துப்போட்ட கயாக்கை வாங்கினேன். உள்ளே கால் நுழைத்து உட்காரும் ரகமல்ல. மேலே உட்கார்ந்து தூண்டில் போடும் ரகம். இருக்கை என்பது பிளாஸ்டிக்கில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். துடுப்பிலிருந்து வழியும் தண்ணீரில் புடவையாவது சுடிதாராவது, எல்லாம் நனைந்துபோகும். முதுகு வலி உயிரை எடுக்கும். ஆனால் ஒற்றை ஆளாக இழுத்துப்போய், வீட்டுக்குப் பின்னால் நெய்யாற்றில் இறக்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை, அன்று தூண்டிலைத் தொட்டால் மாமியார் சும்மா விடமாட்டார். மற்ற நாட்களில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம், அடுப்பு, துணி. எனக்கென்று இருந்தது சனிக்கிழமை காலை. அந்த நேரத்தில் அவர் ஃபோன் செய்தாலும் எடுக்கமாட்டேன். "ஆத்தில இருந்தேன்" என்று பிறகு சொல்லிவிடுவேன். அவரும் சரி என்றுவிடுவார்.

பிறகு அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த வாரமே கயாக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அலறினார்.

"எட்டி, இதில நெறைய ஓட்ட உண்டு! இத வச்சாக்கும் நீ ஆத்தில போனது?"

சிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், ஒரு துளை விடாமல் பசை வைத்து அடைத்திருக்கிறார். ஆயுசு முழுக்கக் குழாயில் ஒழுக்கு அடைத்த மனிதர். ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மேலே விழும் தண்ணீர் வடிவதற்காக அடிவரைக்கும் வைத்த துளைகள் அவை. மறுநாள் ஆற்றில் அரை மணி நேரம் இடுப்பளவு குளத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"வெள்ளம் போற ஓட்டையாக்கும் அது! கேக்காம ஏன் அடச்சிய?" என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

அந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார். பொய் சொல்லக்கூடாது, நல்ல சாமான். வலைத்துணி நாற்காலி உயரமாக, உலர்ந்து இருக்கிறது. காலால் மிதித்தால் அடியில் துடுப்புகள் அசைந்து படகு ஓடுகிறது. இரண்டு கையும் தூண்டிலுக்கு. நின்றுகூட மீன் பிடிக்கலாம். ஆனால் எமகனம். ஒற்றை ஆளால் அசைக்க முடியாது. முன் இருக்கையில் அவர், பின்னால் நான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அது பேசும். பாறசாலையில் மீன் விலை, காட்டாக்கடையில் யாருக்கோ கல்யாணம், வாய் ஓயாது. கரிமீன் என்ன செவிடா? ஒன்றும் கடிக்காது. எனக்கு மூச்சு முட்டும்.

ஒரு சனிக்கிழமை நடு ஆற்றில் பெடலில் ஆப்பிரிக்கன் பாயல் என்கிற நீர்க்களை சுற்றிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சுற்றிலும் பச்சைப் பாயல். அவர் குனிந்து பிய்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரியாததால் எனக்குத் தைரியம் வந்தது.

"ஒரு காரியம் சொல்லட்டா? எனக்கு இஞ்ச தனியா வரணும்."

அவர் திரும்பவில்லை. பிய்த்த பாயலை ஆற்றில் விட்டெறிந்தார்.

"எனக்கு அங்க கல்ஃபில தனியா கெடந்து போதும் போதும்னு ஆச்சு மக்கா. அதாக்கும் ரெண்டு சீட்டுள்ளது பாத்து வாங்கினேன்" என்றார். பிறகு, "செரி, நீ போ. நான் கரையில நிக்கேன். தூக்கிவிட ஒரு ஆளு வேணும் இல்லியா?"

அடுத்த வாரம் இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். முன்னால் ஆள் இல்லாததால் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. காற்று அடித்ததும் தட்டாமாலை சுற்றியது. கரையிலிருந்து "வா, வா" என்று கூப்பிட்டார். குளியலறை வேலைக்கு இறக்கியிருந்த எம்-சாண்ட் மணலை ஒரு சாக்கில் நிரப்பி, மூச்சு வாங்கச் சுமந்து வந்து, முன் இருக்கையில் வைத்துக் கட்டினார். பெல்ட்டையும் மாட்டிவிட்டார். "இனி நேர போகும் கேட்டியா" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நேராகத்தான் போயிற்று. வளைவு வரைக்கும் போய்த் தூண்டிலை எடுத்தேன். சத்தமில்லை. இரைக்குக் கை நீட்டும்போது ஃபோன் அடித்தது. அவர்தான். நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் கரையில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். எடுக்காமல் எப்படி இருப்பது?

"ஆத்தில இருக்கேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "பாத்துக்கிட்டாக்கும் நிக்கேன்."