இடப்பக்கக் கற்கள்

சகலையை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஏரிக்கரை மதகின் சுவர்தான். திருநின்றவூர் ஏரியில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் பழைய சிமெண்டுச் சுவர். அன்று அதன்மேல் வலப்பக்கம் ஒன்பது கற்கள் இருந்தன, இடப்பக்கம் ஏழு. நடுவில் சகலையின் கைப்பேசி மல்லாந்து கிடந்தது. அதன் திரையில் ‘ஊதாத் தேன்சிட்டு’ என்ற பெயர் மஞ்சளாக ஒளிர்ந்தது, அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது. தலைக்கு மேலே இருந்த கருவேல மரத்திலிருந்து எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நான் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி, எட்டாவதாக இடப்பக்கம் வைத்தேன். கைப்பேசியைச் சோதிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அங்கே சோதனைக்கு உள்ளானது என் காது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். மணவாள நகரில் வீடு. மின்கம்பங்களில் ஏறி இறங்கும் லைன்மேன் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பறவைகளுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியும் அவரிடம் பறவைகள் மூன்று வகைதான்: காக்கா, மைனா, குருவி. முதல் இரண்டில் சேராத எல்லாமே குருவி. கொக்கைக்கூட ஒருமுறை ‘பெரிய குருவி’ என்று சொல்லியிருக்கிறார். ஒசூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஒரு செயலியை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவள்ளூரில் ரயில் ஏறி எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். ஏரிக்கரையில் போனை வைத்ததும் அது சுற்றிலும் கேட்கிற குரல்களை வாங்கி ஒவ்வொரு பெயராக எழுதும். அதே பறவை மறுபடி கூப்பிட்டால் அதன் பெயர் மஞ்சளாகும். பெயரைத் தொட்டால் படம் வரும். “பாத்தியா சகலை, இவ்ளோ நாள் இதுங்க எல்லாத்துக்கும் பேரு கீதுன்னு எனக்கு யாருமே சொல்லல” என்பார். யாரோ வேண்டுமென்றே மறைத்துவிட்டதைப் போன்ற குறை அந்தக் குரலில் இருக்கும்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தச் செயலியின் மேல் நம்பிக்கை இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டி எந்திரத்தில் அடித்து உருவாக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளனாக இருந்தவன். தேறிய சாமான் பச்சைத் தட்டுக்குப் போகும், தேறாதது சிவப்புத் தட்டுக்கு. இரண்டிலும் எத்தனை என்பதை எண்ணாமல் நான் ஒரு நாளும் பேருந்து ஏறியதில்லை. எண்ணுவது என் கைகளில் ஊறிவிட்டது. சரக்கு ரயில் போனால் பெட்டிகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியில் இலைகளை எண்ணுவேன். கூடவே கவலையும் ஊறிவிட்டது. எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அது எங்கே போயிற்று என்று தூக்கம் வராது. அப்படிப்பட்டவனிடம் ஒரு போன் வந்து, கண்ணுக்கும் தெரியாமல் காதுக்கும் கேட்காமல் இங்கே ஒரு தேன்சிட்டு இருக்கிறது என்று சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

அந்த நாட்களில் வீட்டிலும் எனக்கு எல்லாப் பொருள்களின் மேலும் குறை இருந்தது. குக்கர் விசிலை எண்ணும் பொறுப்பு, எதையும் எண்ணுகிறவன் என்பதால் இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. நான் கூடத்தில் பேப்பர் படித்தபடி எண்ணுவேன். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்தால் சோறு குழைந்து களியாகக் கிடக்கும். குக்கரின் வெயிட்டை மாற்றினேன். ரப்பரை மாற்றினேன். பிறகு குக்கரையே மாற்றினேன். வாசல் அழைப்பு மணி குருவி கத்துவதைப் போல ஒலிக்கும் வகை. அது பழுது என்று தீர்மானித்துப் புதிது வாங்கி மாட்டினேன், அதுவும் பழுது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண்கள் இப்போதெல்லாம் சொற்களை மென்று விழுங்குகிறார்கள் என்று புகார் சொன்னேன். “செய்தி வாசிக்கிறவ மென்னு முழுங்குறா, நான் மென்னு முழுங்குறேன், குக்கரும் மென்னு முழுங்குதா? இன்னாங்க இது பேஜாரு” என்று என் மனைவி கத்துவாள். கத்துவதால் அது மட்டும் தெளிவாகக் கேட்கும். இவளுக்கு வயதாக ஆகக் கோபம் அதிகமாகிறது என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே செயலியையும் முறைப்படி ஆய்வு செய்வது என்று முடிவு செய்தேன். போன் ஒரு பெயரை எழுதினால் நான் காது கொடுத்துக் கேட்பேன். கேட்டால் ஒரு கல் வலப்பக்கம், கேட்காவிட்டால் இடப்பக்கம். சகலை இதை எதிர்க்கவில்லை. அவருக்கு என் ஆய்வு ஒரு வேடிக்கை. ரயிலடியில் வாங்கி வந்த வறுத்த வேர்க்கடலையை உரித்தபடி, “இன்ஸ்பெக்டர் ஐயா, இந்தக் குருவி பாஸா, பெயிலா? பெயில்னா சொல்லிடு, அதோட அப்பா அம்மாவைக் கூட்டிக்கினு வரச் சொல்றேன்” என்பார். வாரத்துக்கு வாரம் இடப்பக்கக் கற்கள் கூடிக்கொண்டே போயின. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பத்துக்கு நான்கு பொய் சொல்லும் ஒரு கருவியை எங்கள் தொழிற்சாலையாக இருந்தால் வாசலுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டோம்.

எட்டாவது கல்லை வைத்த அன்று சகலை கடலை உரிப்பதை நிறுத்தினார். போனை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் படங்களைப் பார்த்தார். பிறகு இடப்பக்கக் கற்களைப் பார்த்தார்.

“சகலை, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத” என்றார். “நீ லெப்ட்ல தள்ளினது பூரா சின்னக் குருவியா கீது. தேன்சிட்டு, வாலாட்டி, அந்தக் குட்டி மீன்கொத்தி. எல்லாம் கீச்சுக் கீச்சுன்னு கத்துறது. காக்காவைத் தள்ளினியா? செம்போத்தைத் தள்ளினியா? புறாவை? பெருசு ஒண்ணு கூடத் தள்ளல.”

“அதனால?”

“நீதான சொல்லுவ, தள்ளுற மாலு எல்லாம் ஒரே சைஸ்ல வந்துக்கினே இருந்தா மாலைத் திட்டாத, அளக்குற சாமானைப் பாருன்னு? ஊட்டுக்கு வந்தா எப்பப் பாரு இதே கதைதான சொல்லுவ?”

நான் சொல்லியிருக்கிறேன். அவரிடம் மட்டுமல்ல, கேட்க ஆள் கிடைத்தால் எவரிடமும் சொல்லியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அது அரிச்சுவடி. தள்ளுபடி எல்லாம் ஒரே அளவில் வந்தால் அந்த அளவை எடுக்கிற கருவி தேய்ந்திருக்கிறது என்று பொருள். போனுக்கும் எனக்கும் தகராறு. அதில் தேய்ந்த கருவி போன்தான் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தேன்.

அப்படித் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. இரண்டாவது ஆய்வாளர் ஒருவரைக் கூப்பிடுவோம். ஒருவர் அளப்பதை மற்றவர் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அளந்த எண்ணை யாரும் முந்திச் சொல்லக் கூடாது. மேற்பார்வையாளர் மேசையைத் தட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். அதையும் நான்தான் சகலைக்குச் சொல்லியிருந்தேன். அவர் மதகின் அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். “கண்ணை மூடிக்கோ. எத்தினி விதமான சத்தம் கேக்குதுன்னு வெரலை மடக்கு. நான் இருமினதும் சொல்லணும்” என்றார்.

கண்களை மூடிக்கொண்டேன். காகம் ஒன்று. எங்கோ புதருக்குள் செம்போத்து அடித் தொண்டையில் உம் உம் என்றது, இரண்டு. புறா, மூன்று. அதற்குப் பிறகு எவ்வளவு காத்திருந்தும் நான்காவது விரலுக்கு வேலை வரவில்லை. சகலை இருமினார். நான் “மூணு” என்றேன். அதே நேரத்தில் அவர் “ஏழு” என்றார். அந்த நேரத்தில் போனில் ஆறு பெயர்கள் மஞ்சளாகியிருந்தன. ஏழாவது ஓர் ஆட்டுக்குட்டி என்பது பிறகு தெரிந்தது.

அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சகலை என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கருவேல மரத்தின் ஒரு குச்சியைக் காட்டினார். அங்கே கட்டைவிரல் அளவில் ஒரு பறவை இருந்தது. வெயில் பட்ட இடத்தில் கரு ஊதாவாக மின்னியது. அதன் அலகு திறந்து மூடித் திறந்தது. தொண்டை துடித்தது. உடம்பே குலுங்கியது. என் கையெட்டும் உயரத்தில், முழு மூச்சோடு பாடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றுமே கேட்காமல்.

என் முகத்தில் சகலை என்ன கண்டாரோ, உரித்து வைத்திருந்த கடலை முழுவதையும் என் உள்ளங்கையில் கொட்டினார். “இதுல இன்னா கீது சகலை? கண்ணுக்குக் கண்ணாடி போடல நீ? காதுக்கு ஒண்ணு மாட்டினாப் போச்சு. அவ்ளோ பெரிய சம்மட்டிகிட்ட நின்னுக்கினு இருந்தவன், மூணு கேட்டதே பெருசு” என்றார். நான் பயந்ததெல்லாம் வேறு. இதற்கு முன் எத்தனை பேர் சொன்னதை நான் பாதியில் வாங்கியிருப்பேன், இனி எத்தனை போகும் என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. எண்ண முடியாத ஒன்றை எண்ணுவது கொடுமை.

திருவள்ளூரில் காது மருத்துவரிடம் அவரே அழைத்துப் போனார். மருத்துவர் காட்டிய வரைபடத்தில் கோடு பாதி தூரம் சமமாக வந்து பிறகு ஏரிக்கரைச் சரிவைப் போல இறங்கியது. போனது திரும்பாது, இருப்பதைக் கொண்டு கேட்க வைக்கலாம் என்றார். காதில் மாட்டும் கருவி வந்த பிறகு என் கவலைகள் கூடின. மழையில் நனையுமா, பேட்டரி எத்தனை நாள் வரும், தலை சீவும்போது தெறித்து விழுந்தால் என்ன செய்வது என்று எல்லோரையும் படுத்தினேன். பேப்பரைப் புரட்டினால் தகரத்தைக் கசக்குவதைப் போலிருந்தது. என் செருப்புச் சத்தமே என்னைத் துரத்தியது. ஆனால் குக்கர் மூன்று விசில் அடித்தது, நான் மூன்று எண்ணினேன், சோறு பூவாக வந்தது. என் மனைவி ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுப் பழைய குக்கரைப் பரணிலிருந்து இறக்கினாள். அடுத்த ஞாயிறு கூடத்துக்குள் ஒரு குருவி புகுந்துவிட்டது என்று ஜன்னல் கம்பிகளிலும் மின்விசிறியின் மேலும் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் சகலை மணியை அழுத்திக்கொண்டே நின்றார். “இன்னா சகலை, கதவு தொறக்கறதுக்கும் ஒரு ஆப்பு வேணுமா?”

இப்போது அவர் ஒசூரில் மகளோடு இருக்கிறார். பேத்தி பிறந்த பிறகு என் மைத்துனியும் அவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் ஏரிக்கரையில் நடைபாதை போட்டுவிட்டார்கள், மதகுச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். கருவேல மரம் இன்னும் இருக்கிறது. என் போனிலும் அந்தச் செயலி இருக்கிறது. இன்று காலை வலப்பக்கம் பதினொரு கற்கள் வைத்தேன், இடப்பக்கம் ஒன்று. அந்த ஒன்று நியாயமானது. ஒரு சைக்கிளின் பிரேக் கிறீச்சிட்டதைப் போன் வாலாட்டி என்று எழுதிவிட்டது. கருவியை ஆய்வு செய்ய இன்னும் ஆள் தேவைப்படுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான்.

பிறகு செயலியை மூடிவிட்டுச் சகலையை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவர் முகம் பேத்தியின் குல்லாவுக்குப் பின்னால் பாதி தெரிந்தது. “நாஷ்டா துண்ணியா?” என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, போனை மரத்தை நோக்கிச் சுவரில் சாய்த்து வைத்து, நான் திரும்பி நின்றுகொண்டேன்.

“விரலை மடக்கு. ஆட்டுக்குட்டியைச் சேர்க்கக் கூடாது” என்றேன்.

“சரிதான் இன்ஸ்பெக்டரே” என்றார்.

காகம். புறா. ஏரிக்குள்ளிருந்து நாமக்கோழி. பிறகு தலைக்கு நேர் மேலே, ஊசியால் குத்துவதைப் போல மெல்லிசாக, விடாமல், அந்தத் தேன்சிட்டு. நான்காவது விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒசூரிலிருந்து இருமல் வந்தது.

“நாலு” என்றோம், இரண்டு பேரும்.