தள்ளிய பக்கம்

அண்ணனின் இடது கையில் என் மகளின் முடி ஒரு கொத்து இருந்தது. வேரோடு பிய்ந்து வந்திருந்தது. மூன்று ஆண்டுகளாகியும் கண்ணை மூடினால் முதலில் வருவது அதுதான்.

அண்ணன் ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டுகிறவன். முரடன். அருவி காட்டுகிறேன் என்று என்னையும் மகளையும் திருவண்ணாமலையிலிருந்து வரவழைத்தான். காட்டுத்தடத்தில் முன்னிருக்கையில் நான் நடுவே. மகள் இடது ஓரத்தில், கதவில்லாத பக்கம். முந்தின நாள் மழை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மெதுவாகப் போ என்றேன். "வேங்கிக்கால் ஆபீஸ்ல ஃபேன் கீழ உக்காந்துனு இருக்கறவளுக்கு மேடு பள்ளம் எங்க தெரியப்போவுது" என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிய ஏற்றத்தில் சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. ஜீப் பின்னோக்கி இறங்கி இடப்பக்கப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. அவளாவது பிழைக்கட்டும் என்று அவள் முதுகில் இரு கைகளையும் வைத்து வெளியே தள்ளினேன். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. அண்ணன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவன் முழங்கை இடித்து என் பல் உடைந்தது. அவள் என் மடியில் வந்து விழவும் ஜீப் பாறையில் மோதிச் சாய்ந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வலப்பக்கமாக இறங்கியதும் மகள் தலையில் ரத்தத்தைப் பார்த்தேன். கல்லை எடுத்து அண்ணன் நெற்றியில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அவன் தடுக்கவில்லை. மூன்றாவது முறை ஓங்கியபோது சொன்னான்: "அடி. ஆனா நீ தள்ளுன பக்கத்த ஒருவாட்டி பாத்துட்டு அடி."

பார்த்தேன். பாறைக்கும் ஜீப்புக்கும் நடுவே கை நுழைய இடமில்லை. மகளின் ஒற்றைச் செருப்பு அங்கே நசுங்கி ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் என் கணவர் அவனைத் திட்டாத வார்த்தை இல்லை. நெற்றியில் தையல் எதனால் என்றதற்கு, ஜீப் கம்பி இடித்தது என்றான். முடியை ஏன் பிடித்து இழுத்தாய் என்றதற்குப் பேசாமல் நின்றான். நானும் பேசவில்லை. தள்ளியது பயத்தில். வாய் திறக்காதது பயத்தில் அல்ல, நல்ல தாய் என்ற பெயர் போய்விடும் என்றுதான். இனி வீட்டுப் பக்கம் வராதே என்றார் கணவர். அண்ணன் வரவில்லை.

போன மாதம் தாங்க முடியாமல் இருவரிடமும் சொன்னேன். கணவர் அன்றே அவனைப் பார்க்க மலைக்குப் பேருந்து ஏறினார். மகள் மட்டும் அசையவில்லை. "தெரியும்மா. உன் கைதான என் முதுகுல இருந்துச்சு" என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமாவே சொல்லலியே."

அவளுக்கு என்மேல் கோபமில்லை. முன்போலத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் செங்கம் சாலையில் எந்த ஆட்டோவில் ஏறினாலும், "நீ ஓரமா உக்காரும்மா" என்று உள்ளே நகர்ந்துகொள்வாள். அம்மா காற்று வாங்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறாள் என நினைத்துக்கொண்டிருந்தேன்.