கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, நம் லேப்பில் ரத்தம் எடுக்கும் மேசைக்குப் பின்னால் ரெஜினா அக்காவின் ஸ்டூல் காலியாக இருந்தது. வெளியே பதினோரு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தாமதமாக வந்து நான் பார்த்ததே இல்லை. விவேக் நகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆறு மணிக்கெல்லாம் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை நான் எண்ணைத் தேடும்போதே அவருடைய மகள் ஷீலாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. டியூட்டிக்குக் கிளம்பி செருப்பு மாட்டிட்டு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்றாங்க."

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை. "பட்டினியா வந்தவங்கள காக்க வெக்காத, அது பெரிய பாவம்" என்று பத்தொன்பது வருடமாக என் காதில் ஓதியவர் அவர். ஸ்டூலில் உட்கார்ந்து கையுறையை மாட்டினேன். நான் உள்ளே இயந்திரத்தோடு இருப்பவள். ஊசி பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அழுதுகொண்டே நரம்பு தேட முடியாது என்பதால் அழுகையைத் தள்ளிவைத்தேன். முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய்க்கு வரும் பெண்களின் ரத்தக் கொழுப்பைத் தொடர்ந்து பார்ப்பது எங்கள் டாக்டரின் வழக்கம். நோய் தெரிந்ததும் ஒரு முறை, கீமோவுக்கு நடுவில் ஒரு முறை, பிறகு மாத்திரை தொடங்கியதும் சில முறை. சிகிச்சை கட்டியோடு நிற்காமல் கொழுப்பையும் ஏற்றி இறக்கி விளையாடும், கட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம் என்பார் அவர். அந்த ரத்தத்தை எல்லாம் எடுத்துக் கொடுத்தது ரெஜினா அக்கா.

பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒரு வாய் காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கா அப்படிக் கேட்கவே மாட்டார். "கடைசியா என்ன சாப்பிட்டீங்க? யார் சமைச்சது?" என்பார். கன்னடக்காரர்களிடம் அதையே "யாரு அடுகே மாடித்து?" என்பார். சமைத்தது யார் என்று வந்ததும் வீடு மொத்தமும் வெளியே வந்துவிடும். மருமகள் விடிகாலையில் வற்புறுத்திக் கொடுத்த ஒரு டம்ளர் ராகி கஞ்சியும் வந்துவிடும். "கேள்விக்குப் பொய் சொல்லுவாங்க, கதைக்குப் பொய் சொல்ல மாட்டாங்க" என்று சிரிப்பார்.

அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். வந்ததும் முதல் வேலையாக முந்தைய நாளின் தாளைக் கிழிப்பார். ரத்தக் குழாய்களைச் சுழற்றி எடுத்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை அந்தக் காலண்டருக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார். தேதி தெரிந்தால் குழாய் என் இயந்திரத்துக்குள் போகலாம். கலங்கலாக இருந்தால் கொழுப்பு மிதக்கிறது, ஆள் சாப்பிட்டிருக்கக்கூடும் என்று பொருள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அதைப் போட்டது நான்தான். நான் எம்.எஸ்ஸி. முடித்து ராணிப்பேட்டையிலிருந்து வந்தவள். அவர் டிப்ளமோ. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டாலும், படிப்பு வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே நினைவில் இருந்தது. அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். கோபம் வந்தால் மட்டும் 'மேடம்' ஆகிவிடுவேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு சரோஜா என்றொரு பெண் வந்தார். மர்பி டவுன்காரர், ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. வலது மார்பில் ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடிந்து, நோய் திரும்பாமல் இருக்க டமாக்சிஃபென் மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருடைய குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே பால் மாதிரி நின்றது. இயந்திரத்தில் வைக்கக்கூட இல்லை. 'சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், மறுபடி எடுக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி பால்.

இந்த முறை நானே எழுந்து வெளியே போனேன். அத்தனை பேர் முன்னால் கேட்டேன். "ஏம்மா, இப்படிப் பொய் சொல்றீங்களே? நாஷ்டா பண்ணிட்டுத்தான வந்தீங்க?"

"சத்தியமா இல்ல மேடம். தண்ணி கூடக் குடிக்கல."

ரெஜினா அக்கா எழுந்து நின்றார். "மேடம், அவங்க சாப்பிடல. நான் கேட்டுட்டேன்."

"நீங்க கேட்டாப் போதுமாக்கா? ட்யூபே சொல்லுதே."

"ட்யூப் பால் மாதிரி இருக்குன்னுதான் சொல்லுது. இட்லி சாப்பிட்டான்னு சொல்லலியே."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் அதே வரியை இரண்டாவது முறையும் எழுதினேன். மூன்றாவது வாய்ப்பு அடுத்த வாரம்தான் என்று சீட்டில் இருந்தது. அக்கா அந்தச் சீட்டை வாங்கி மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் எதுக்கு, நாளைக்கே பாத்துரலாம். இன்னிக்கு டியூட்டி முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துரு சரோஜா" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போவதா என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை இருவரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடந்து வந்தார். "முதுகு வரைக்கும் இழுத்துப் பிடிக்குதாம். நாலு நாளா இருக்காம். பட்டினி கிடந்து வயிறு புண்ணாயிடுச்சின்னு நெனச்சிருக்கா" என்றார் அக்கா. ரத்தம் எடுத்தார். வழக்கமாகத் தட்டில் வைத்து அனுப்புவார். அன்று குழாயைத் தானே கொண்டுவந்து சுழற்றும் இயந்திரத்தில் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். சாப்பிட்டிருக்க வேண்டும், சாப்பிட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பத்து நிமிடமும் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூடியைத் திறந்தார். முந்தைய நாளைவிடக் கெட்டியாக, வெள்ளைவெளேர் என்று இருந்தது. காலண்டருக்கு முன்னால் பிடித்தார். தேதி தெரியவில்லை, தாள் இருப்பதே தெரியவில்லை.

"நேத்து ஆறு மணிக்கு ரெண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு. நான்தான் சமைச்சேன். என் பக்கத்துலதான் படுத்தா. இப்ப எழுதுங்க மேடம், சாப்பிட்டுட்டு வந்தான்னு."

குழாயை வாங்கி இயந்திரத்தில் வைத்தேன். தன்னால் அளக்க முடியாது என்று காட்டியது. நீர்க்கச் செய்து வைத்தேன்; அப்போதும் அளவுக்கு அடங்கவில்லை. இன்னும் நீர்க்கச் செய்தேன். வெளியே சரோஜா பெஞ்சிலேயே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. மீதியிருந்த குழாயை அக்கா கையில் எடுத்துக்கொண்டார்.

"நம்பர் வரட்டும்கா, ரிப்போர்ட் இல்லாம டாக்டர் என்ன பண்ணுவாரு?"

"உன் நம்பர் வர்றதுக்குள்ள அவ போய்ச் சேந்துருவா."

படி ஏறி ஓடினார். வார்டில் இருந்த டாக்டர் குழாயைப் பார்த்ததும் காகிதம் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் சரோஜா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். சில பெண்களுக்கு அந்த மாத்திரை ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைத் தாறுமாறாக ஏற்றிவிடும், அந்த அளவுக்கு ஏறினால் கணையம் வீங்கும், உயிரே போகலாம். மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள்தான் வார்டுக்கு மாற்றினார்கள்.

அன்று மாலை டாக்டர் லேப்புக்கு வந்தார். "முன்னாடியே ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க. ரிசல்ட் ஏன் என்கிட்ட வரல?" என்று கேட்டார். நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சாம்பிள் சரியா அமையல சார்" என்றார் ரெஜினா அக்கா. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் முழுக்க அக்காவுக்கு நான் மேடமாகவே இருந்தேன். எட்டாம் நாள், "வசந்தி, டீ குடிக்கலாம் வா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. எல்லோரிடமும் மறைத்து என்னைக் காப்பாற்றிவிட்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பெரிய டப்பா நிறையக் கல்கல் செய்து கொண்டுவருவார். ரத்தம் கொடுத்து முடித்தவர்களுக்குத்தான் முதலில். "லிப்பிட் டெஸ்ட் பண்ணிட்டு எண்ணெய்ப் பலகாரமா?" என்று கேட்டால், "எடுத்தாச்சில்ல, இனி அடுத்த டெஸ்ட் வரைக்கும் அவங்க சுதந்திரம்" என்பார். அவரும் அந்தச் சுதந்திரத்தில்தான் இருந்தார். தன் ரத்தத்தை அவர் கடைசியாக எடுக்கக் கொடுத்தது நான்கு வருடத்துக்கு முன்பு. கொழுப்பு கூடுதலாக இருந்தது. மறுபடி பார்க்கலாம் என்று எத்தனை முறை கையைப் பிடித்து இழுத்தேன்! "எனக்கென்ன, சும்னே இரு" என்று கன்னடத்தில் அடக்கிவிட்டுக் கையை உதறிவிடுவார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் இருந்தால் சண்டை போடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையில் ஏழாவதாக வந்து உட்கார்ந்தவர் சரோஜா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் பரிசோதனை. காலி ஸ்டூலில் நான் இருப்பதைப் பார்த்து, "ரெஜினாக்கா எங்க?" என்றார். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு ஆபரேஷன் நடக்காத பக்கத்து இடது கையைத் தானாகவே நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"சரோஜா, அன்னிக்கு ரெண்டு தடவையும் நீங்க சாப்பிட்டீங்கன்னு எழுதி டெஸ்ட்டே பண்ணாம விட்டது நான்தான். உங்களுக்கு அப்படி ஆனது என்னாலதான்."

"தெரியும்மா" என்றார். "நான் ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்பவே அக்கா வந்து சொல்லிடுச்சி. அது எதையும் மறைக்கல. 'நீ வேற லேபுக்குப் போனாலும் போ, ஆனா இந்தத் தப்ப அவ இனி ஜென்மத்துக்கும் பண்ண மாட்டா. உன் ரத்தத்த அவகிட்டயே குடு'ன்னிச்சி. அதான் இத்தன வருஷமா இங்கயே வர்றேன்."

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நான் அழுது முடிக்கும் வரை சரோஜா கையை நீட்டியபடியே இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் பட்டினியாகக் காத்திருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா என்ன சாப்பிட்டீங்க? யார் சமைச்சது?" என்று கேட்டேன்.

"நேத்து ஆறு மணிக்கு. ரெண்டு சப்பாத்தி, பருப்பு. நான்தான் சமைச்சேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். பதினோரு பேருக்கும் எடுத்து முடித்து, குழாய்களைச் சுழற்றி, சரோஜாவின் குழாயைக் காலண்டருக்கு முன்னால் கொண்டுபோனேன். அதில் திங்கட்கிழமைதான் இருந்தது. கிழிக்க ஆள் வரவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை அந்த இரண்டு கேள்விகளும் அந்தக் காலண்டரும்தான். திங்கட்கிழமையைக் கிழித்துவிட்டுக் குழாயைப் பிடித்தேன். மஞ்சள் நீர் தெளிவாக இருந்தது. அதன் வழியாக, அவர் இறந்த தேதியை என்னால் படிக்க முடிந்தது.