கறுப்புப் பெட்டியா, வெள்ளைப் பெட்டியா?

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டிவி என்னைக் கூப்பிட்டது.

சிரிக்காதீர்கள். ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிவிக்குக் கீழே வந்து உட்கார்ந்த பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் வீடியோ கேம் கன்சோல் என்று என் மகள் ஈவாவுக்கு அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வாங்கிவிட்டாள்! மாட்டிக்கொண்டோம்.

சந்தையில் இரண்டு புதுப் பெட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள். எதை வாங்குவது? இந்தக் கேள்வியில் எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமே இரண்டாக உடைந்தது. வெள்ளையில் படம் கண்ணாடி மாதிரி இருக்குமாம். கறுப்பில் கேம்ஸ் மலிவாகக் கிடைக்குமாம். ஃபிசிக்ஸ் மேடம் காகிதத்தில் படமே போட்டு விளக்கினார். தலையை ஆட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

பெரும்பாக்கத்தில் இருக்கும் என் அண்ணன்தான் வழி சொன்னார்.

"எதுக்கும்மா குழம்பிக்கிட்டு? ஜோயல் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்ட்டான். அவனோட கறுப்புப் பெட்டி இங்க தூசி தின்னுக்கிட்டு கிடக்குது. கொஞ்ச நாள் வெச்சு ஆடட்டும். பிடிச்சா அதையே வாங்கு."

அண்ணன் மகனின் பெட்டி வந்தது. ஒரு வாரத்திலேயே ஈவா முடிவைச் சொல்லிவிட்டாள் – கறுப்புதான். ஏன் என்று கேட்டால், "பிடிச்சிருக்கும்மா, அவ்ளோதான்." வெள்ளையை என்னவென்று பார்க்கக்கூட வரமாட்டேன் என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்...

சனிக்கிழமைக்கு வருகிறேன். கணவர் ஒரகடத்தில் டியூட்டி. ஈவா கொத்தமல்லி வாங்கக் கீழே போயிருந்தாள். குக்கரில் பருப்பு. போனில் அண்ணன். கறுப்பா வெள்ளையா பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. பேசி முடித்து போனை வைத்தேன்.

"ஆன்ட்டி... நாலு விசில் ஆயிடுச்சு. ஆஃப் பண்லையா?"

என் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. அணைத்த பிறகுதான் யோசித்தேன். வீட்டில் யாருமே இல்லையே?

ஹாலுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. டிவியில் ஈவா பாதியில் விட்டுப் போன கேம். மலை மேல் ஒரு வீரன் நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. அவன் போர்வை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

"யாரு?" என்றேன்.

"நாந்தான் ஆன்ட்டி. பயந்துக்காதீங்க."

நம் ஊரில் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் இதைத்தானே சொல்வார்கள்? நாமும் திறந்துவிடுவோமே!

"எங்கேருந்துப்பா பேசுற?"

"கோவளத்துல கீறேன். ஈவா கடைக்குப் போயிருக்கா? கேட் சத்தம் கேட்டுச்சு."

அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு, ரொம்பவும் அக்கறையாக, "ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சா ஆன்ட்டி? ஒண்ணும் இல்லதானே?"

பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

என் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி. ஸ்கேன் எடுத்திருந்தேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் மூச்சு விடவில்லை. எங்கள் மூவரைத் தாண்டி ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன் – ஆண்டவரிடம்.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எங்கள் ஹாலில் குடும்ப ஜெபம். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். கட்டி, கணவர் கம்பெனியில் ஆள் குறைப்புப் பேச்சு... ஒன்றையும் மறைப்பதில்லை. டிவியை அணைத்துவிட்டுத்தான் முழங்கால் போடுவோம். டிவி அணைந்தால் அதோடு எல்லாமே அணைந்துவிடும் என்பது எங்கள் தலைமுறையின் நம்பிக்கை!

இன்னொன்றையும் நான் தினமும் சொல்லியிருக்கிறேன். "பிதாவே, ஆறரை மணி வரைக்கும் பிள்ளை வீட்ல தனியா இருக்கா. துணையா இரும்."

யாரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்?

ஈவா கொத்தமல்லியோடு வந்தாள். பிடுங்கிப் போட்டிருந்த ஒயரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அதுல மைக் இருக்காடி?"

"கன்ட்ரோலர்லயே இருக்கும்மா."

"டிவியை ஆஃப் பண்ணா?"

"பெட்டி ஆன்லதான் இருக்கும். ஜோயல் அண்ணாவோட நெட்ல ஆடற குரூப்ல இருக்கறவங்களுக்கு நாம பேசறது கேக்கும்."

"தெரிஞ்சுமா விட்டே?"

கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். "நான்தாம்மா ஆன்லயே வெச்சேன்."

"ஏன்டி?"

"ஸ்கூல் விட்டு வந்தா வீடு ஒரு மாதிரி இருக்கும்மா. பாத்ரூம்ல தண்ணி சொட்டினாகூட யாரோ உள்ள இருக்கற மாதிரி. இதுல யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் கத்தினா யாருக்காவது கேக்கும்ல?"

கொத்தமல்லியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"சரி... ஜெபம் பண்றப்பவுமா?"

"மொத நாள் மறந்துட்டேன். அப்புறம் குரூப்ல ஒருத்தங்க கேட்டாங்க, அந்த நேரத்துல மட்டும் ஆஃப் பண்ணாத, நானும் கேட்டுக்கிறேன்னு. நாம முடிக்கறப்ப அவங்களும் அங்கேருந்து ஆமென் சொல்வாங்களாம்."



"அவன் பேர் என்ன?"

"தெரியலம்மா. எல்லாரும் அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க."

ஜோயலுக்கு போன் போட்டேன். "கோவளமா? எனக்கு அங்க யாரையுமே தெரியாதே அத்தை! ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு யாராவது உள்ள வந்திருக்கலாம்... ஏன், எதாவது பிரச்சனையா?"

பிரச்சனையா? அதுதானே எனக்கும் தெரியவில்லை. திட்டம் போட்டு ஒட்டுக் கேட்டவனா? இல்லை, தனியாக உட்கார்ந்து அடுத்த வீட்டுக் குக்கர் விசிலை எண்ணுகிற யாரோ ஒரு பிள்ளையா? எப்படி யோசித்தாலும் தூக்கம் வரவில்லை. மறுநாளே வாசல் பூட்டை மாற்றினோம்.

அதே வேகத்தில் ஈவாவை மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளையையே வாங்கித் தொலைப்போம்!

"நெட், மைக் எதுவும் இல்லாம ஆட முடியுமா தம்பி?"

"முடியும் மேடம். அதுக்கு கேரம் போர்டு சீப்பா வரும்" என்றார் கடையிலிருந்த இளைஞர்.

ஈவா சிரிக்கவில்லை. வெள்ளைப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காதோரம் கேட்டாள்: "இதுல யாரும்மா இருப்பாங்க?"

படம் எப்படி, விலை எப்படி என்று ஊரெல்லாம் விசாரித்தோமே... பிள்ளைக்கு எது தேவைப்பட்டது என்று யாராவது கேட்டோமா? எதையும் வாங்காமல் திரும்பினோம்.

நான் வேலை பார்ப்பது மதிய ஷிஃப்டில். காலை ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி பிரின்சிபாலிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த செமஸ்டரில் பார்க்கலாம் என்றார். அதுவரை ஈவா பள்ளியிலிருந்து நேராக எங்கள் கல்லூரி லைப்ரரிக்கு வந்துவிடுகிறாள். கறுப்புப் பெட்டி அட்டைக்குள் போய், டேப் ஒட்டி, பரண் மேல் இருக்கிறது.

நேற்று ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி. ராத்திரி ஜெபத்தில் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். ஏனோ, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கணவர் ஆமென் சொன்னார். ஈவா சொன்னாள். நானும் சொன்னேன்.

உடனே யாரும் எழுந்திருக்கவில்லை. நான்காவது ஆமெனுக்காகக் கொஞ்சம் காத்திருந்தோம்.