ஒன்பது ஜோடிச் சிறகுகள்

அனுபமா என்ற பெயரைக் கேட்டாலே புஷ்பாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? தெலுங்கு பேசும் உப்பலில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் ஹாலோவீன் என்று ஒரு பேய்வேஷத் திருவிழா தொடங்கிய நாளிலிருந்து, ஐந்து வருஷமாக, பிள்ளைகளின் வேஷத்துக்கு விளக்கு வைத்துக் கொடுத்தவள் அவள்தான். மல்லாபூரில் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் பதினாறு வருஷமாக வயரிங் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கூல்டிரிங்க் பாட்டிலை வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்டி, உள்ளே சிவப்பு எல்இடி வைத்து அவள் செய்யும் பிசாசுக் கொம்புக்கு வாசலில் வரிசை நிற்கும். பிள்ளைகளுக்கு அவள் ‘லைட் ஆன்ட்டி’. அந்தப் பட்டத்தில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஜூன் மாதம் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தாள் அனுபமா. கோயம்புத்தூர்க்காரி, ஐடி வேலை. அவள் செய்த வௌவால் சிறகு, போனைத் தொட்டால் நிறம் மாறியது. வரிசை அப்படியே மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது. புஷ்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பன்னிரண்டு வயது மகள் ஸ்ரீஜா வந்து, “மம்மி, இந்த வருஷம் உன் கொம்பு நக்கோ, வேணாம். அனு ஆன்ட்டி எனக்கும் விங்ஸ் பண்ணித் தராங்க” என்றபோதுதான் தாங்கவில்லை. பெற்ற மகளே அடுத்தவள் விளக்கை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவதா?

ஹாலோவீன் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்ரீஜா சிறகை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது. புஷ்பாவின் கை தானாகப் பேட்டரிப் பெட்டிக்குப் போய் வயரை இழுத்தது. கம்பெனிப் பழக்கம். இழுத்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டார்கள். வயர் கையோடு வந்துவிட்டது. சிறகு அணைந்தது.

கோபம் வந்தால் ஸ்ரீஜாவுக்குத் தெலுங்குதான் வரும். “நுவ்வு காவாலனே சேசாவு!” வேண்டுமென்றே செய்தாயாம்.

“கைக்கூ? எதுக்குடி அழுறே? சும்மா இழுத்துப் பாத்தேன். ஒழுங்கா ஈயம் வச்சுப் பத்தவச்சிருந்தா வந்திருக்குமா?”

வேண்டுமென்றே இழுக்கவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னால் தயங்கியிருப்பாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஸ்ரீஜா போன் செய்ய, அனுபமா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வந்தவள் சண்டைக்கு வரவில்லை. “எனக்குச் சால்டரிங்கே வராதுங்க அக்கா. முறுக்கி டேப் சுத்திருவேன். ஒம்பது செட்டும் அப்படித்தானுங்க. நடக்கிறப்ப எல்லாமே புட்டுக்குமே! கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?”

முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. ஏழு மணி ஊர்வலத்தில் ஒன்பதும் அணைந்தால் அனுபமாவின் மானம் கப்பலேறும். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று ஸ்ரீஜாவுடையது. மகளுக்கு மட்டும் பற்றவைத்து அனுப்பினால் ஊர் வாய் சும்மா இருக்காது.

“கொண்டாங்க” என்றாள்.

வாசலில் மறுபடியும் வரிசை. எல்லார் கையிலும் அனுபமாவின் சிறகு. புஷ்பா ஒவ்வொன்றாக டேப்பைப் பிரித்து, ஈயம் வைத்து, இழுத்துப் பார்த்துக் கொடுத்தாள். கடைசிச் சிறகை அப்படியே டேப்போடு விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கை கேட்கவில்லை. அதையும் பற்றவைத்தாள்.

ஊர்வலம் கீழே மூன்று சுற்று சுற்றியது. ஒன்பது ஜோடிச் சிறகும் நீலமாகி, பச்சையாகி, ஊதாவாகி ஜொலித்தன. அசோசியேஷன் செகரெட்டரி தேவராஜ் மைக்கில், “யார் செஞ்சது இது?” என்று கேட்டார்.

“அனு ஆன்ட்டி!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அதில் ஸ்ரீஜாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. கூட்டம் அனுபமாவைச் சூழ்ந்துகொண்டது.

பின்வரிசையில் புஷ்பாவும் கை தட்டினாள். சிறகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறகாவது அணைந்திருந்தால் பற்றவைக்க யாராவது அவளைத் தேடியிருப்பார்கள். ஒன்றுகூட அணையவில்லை.